வெள்ளையெல்லாம் மேகம்

நண்பகல் வெயில் சன்னலில் ஏறிநின்ற வேளையில் புதிய கணினி வந்திறங்கியது. செயற்கைக்கோள் படங்களை ஆராயும் அவ்வலுவலகத்தில் அதற்கு உயிரூட்டும் பொறுப்பு மூத்த ஆய்வாளரான அவளுடையது. அருகமர்ந்து மென்பொருள்களை ஒவ்வொன்றாக நிறுவிக்கொண்டிருந்தான் இளைய நிரலாளன்.

"அக்கா, படம் திறக்குது. மேகம் நீக்குற நிரல மட்டும் இன்னும் போடல. சோதிச்சுப் பாக்க ஏதாவது பழைய படம் குடுங்க."

கைக்கு அகப்பட்டது சென்ற ஆண்டின் வெள்ளப் படம். அவள் தம்பியை விழுங்கிய பெருவெள்ளம். அன்று அவன் தொலைபேசியில் கதறினான்: "அக்கா, மொட்டைமாடியில வெள்ளைப் போர்வை விரிச்சு நிக்கிறேன். மேலேருந்து தெரியும்ல?"

அவள் படத்தைத் துருவிப் பார்த்தாள். போர்வை இல்லை. அவனை நீர் கொண்டுபோயிற்றென்றே நெஞ்சுடைந்தாள். 'அந்த மாடியில் ஆளில்லை' என்ற அவள் சொல்லை நம்பி மீட்புப் படகு வேறு தெருவுக்குத் திரும்பியது.

இப்போது, மேகம் நீக்காத படத்தில், அந்த மாடி பளீரென வெளுத்திருந்தது. விரித்த போர்வை. அதன் நடுவே கரும்புள்ளியாய் ஓர் உரு.

வெண்மை கண்டவிடமெல்லாம் மேகமெனத் துடைத்துவிடும் நிரல் அது.

அவளே எழுதியது.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்துட்டீங்க?" என்று சிரித்தான் அவன். "சரி, புதுசு ஒண்ணு பாப்போம். இன்னைக்குக் காலையில எடுத்தது. நம்ம தெருதான்."

படம் விரிந்தது. முகிலின் சுவடேயில்லாத வானம். கீழே அவர்கள் கட்டடம்.

அதன் மாடியிலும் அதே போர்வை.

சேற்றுநீரின் நாற்றம் அறையில் மெல்லக் கவிந்தது. தலைக்கு மேலே எவரோ ஈரக்காலை இழுத்து இழுத்து நடந்தார்கள்.

ஓசை நின்றது. அவள் காதருகே குளிர்ந்த மூச்சு.

"இப்பத் தெரியுதாக்கா?"

திரையில், கரும்புள்ளியின் பக்கத்தில் இன்னொரு புள்ளி முளைத்தது.

"நம்ம மாடி மேலயும் மேகமா? உங்க நிரலையும் இப்பப் போட்டுட்டேன், ஓட்டுனா ஓடிடும் பாருங்க!" திரையிலிருந்து கண்ணெடுக்காமல் நிரலாளன் விசையை நோக்கி விரலை நீட்டினான்.

வேண்டாம் என்று கூவ வாய் திறந்தாள். வாய் நிறையச் சேற்றுநீர்.

திரை பணிவோடு அறிவித்தது: மேகம் நீக்கப்பட்டது.

"பாத்தீங்களா, சுத்தமாயிடுச்சு!" என்று திரும்பினான் அவன்.

நாற்காலியில் யாருமில்லை. இருக்கையின் விளிம்பிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.