மாமாவின் பேசும் பெட்டி

மாடி வீட்டு மாமாவுக்குக் கண் தெரியாது. ஆனால் அவருடைய தோள்பையில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. "அடுத்த முனையில் இடதுபக்கம் திரும்புங்கள்" என்று அது காதோரம் வழி சொல்லும். கைத்தடியும் அந்தக் குரலும் இருந்தால் மாமா எங்கும் தனியாகவே போய் வருவார்.

அவருக்கு வானொலி நிலையத்தில் புது வேலை கிடைத்தது. முதல் நாளே தெருமுனையில் பெட்டி பேச்சை நிறுத்திவிட்டது. வழி தவறிய மாமாவை யாரோதான் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

"தினமும் ஒருத்தர் கையைப் பிடிச்சுக்கிட்டு வேலைக்குப் போகணும்னா, எனக்கு அந்த வேலையே வேண்டாம்" என்றார் மாமா.

கீழ்வீட்டுச் சிறுமி வாண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியை வாங்கிக்கொண்டு தன் அக்காவிடம் ஓடினாள். அக்காவுக்கு மின்கருவிகளைப் பழுது பார்க்கும் வேலை. அவள் பெட்டியை ஜன்னலோர மேசையில் வைத்து மூடியைத் திறந்தாள்.

"இந்தச் சதுரத் தகடு ஆன்டெனா. இதோட காதுன்னு வெச்சுக்கோ. இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்துல சுத்துற செயற்கைக்கோள்கள் அனுப்புறதை இது கேட்குது."

"அவ்வளவு தூரமா! அப்போ அதெல்லாம் கத்துமா அக்கா?"

"கத்துறதா? கிசுகிசுன்னுகூடச் சொல்ல முடியாது. இங்க வந்து சேரும்போது சுத்தியிருக்கிற இரைச்சல்லயே அமுங்கிப் போயிருக்கும். அதனால இந்தப் பெருக்கி அதைப் பெரிசாக்கும். வேண்டாத அலைகளை இந்த வடிகட்டி தள்ளிவிடும்."

"அப்புறம் எது யாருதுன்னு எப்படித் தெரியும்?"

"ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் தனித் தாளம். இந்தச் சில்லுக்கு எல்லாத் தாளமும் மனப்பாடம். தானும் தாளம் போட்டுக்கிட்டே, எது ஒத்துப்போகுதுன்னு தேடிக் கண்டுபிடிக்கும். அது வந்து சேர எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பார்த்தா தூரம் தெரியும். நாலு செயற்கைக்கோள் கிடைச்சா போதும், நாம எங்க நிக்கிறோம்னு சொல்லிடும்."

வாண்டு திறந்த வாயை மூடவில்லை. நகத்தளவு சில்லு, வானம் முழுவதையும் துழாவுகிறதா!

அந்த நேரம் பார்த்து, "நீங்கள் உங்கள் வீட்டருகே இருக்கிறீர்கள்" என்றது பெட்டி.

அக்கா தலையைச் சொறிந்தாள். "நல்லாத்தானே இருக்கு! மாமாகிட்ட மட்டும் ஏன் அடம் பிடிக்குது?"

வாண்டு யோசித்தாள். மேசையில் பேசுகிறது. பையில் பேசவில்லை. அப்படியானால் கோளாறு பெட்டியில் இல்லை!

இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடினாள்.

"மாமா, பைக்குள்ள பெட்டிக்கு மேல என்ன வெச்சீங்க?"

"சாப்பாட்டு டப்பாதான். புது வேலைன்னு உங்க அத்தை புதுசா வாங்கினா."

பார்த்தால், தாம்பாளம் போல அகலமான எவர்சில்வர் டப்பா!

"மாமா, உங்க சாப்பாடு அதோட காதைப் பொத்திடுச்சு!"

மாமா சிரித்த சிரிப்பில் அத்தை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். டப்பா பையின் அடிக்குப் போனது. பெட்டி மேலே வந்தது.

மறுநாள் காலை வாண்டு வாசலில் நின்று பார்த்தாள். தெருமுனையில் மாமா ஒரு கணம் நின்றார். தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு விறுவிறுவென்று இடதுபக்கம் திரும்பி நடந்தார்.

வாண்டு அண்ணாந்து பார்த்தாள். மேலே ஒரு மேகம்கூட இல்லை.

இவ்வளவு அமைதியான வானத்தில் இத்தனை பேச்சா!