பாறையில் முப்பத்தொரு கோடுகள்

"ஐயோ!"

கீழேயிருந்து அலறியது இன்ஸ்பெக்டர்.

அலற வைத்தது நான்.

நூறடி உயரப் பாறை விளிம்பில் என் இடது கால் ஒரு கல்லைத் தட்டியது. கல் உருண்டது. குதித்தது. அந்தரத்தில் ஒரு நொடி யோசித்தது... நேரே போய் போலீஸ் ஜீப்பின் முன்கண்ணாடிக்குள் நுழைந்தது!

பதறிப் போய் நான் பொத்தென்று உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்தில் ஒரு கூர்முனை காத்திருந்தது.

சர்ர்ரக்!

பேன்ட்டின் பின்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்தது.

வீடுகளின் மேல் கல் விழாமல் பார்த்துக்கொள்ள அரசாங்கம் நியமித்திருக்கும் நிபுணர் அடியேன்தான், ஐயா!

"யோவ் கல்லு டாக்டர்!" இன்ஸ்பெக்டரின் குரல் பாறையில் மோதி இரண்டாக வந்தது. "ஒரு பொணம் பத்தலையா உமக்கு?"

"ஸாரி சார்! கால் வழுக்கிடுச்சு!"

"நேத்து விழுந்த கல்லுக்கும் இதே கதையைச் சொல்லி ஃபைலை மூடிடாதீர்!"

நேற்று விழுந்த கல்...

அது ஜீப்பின் கண்ணாடியை உடைக்கும் ரகமில்லை. ஜீப்பையே விழுங்கும் ரகம். பிற்பகல் இரண்டு நாற்பதுக்குப் பாறையின் ஒரு பலகை பிளந்து, கீழே இருந்த வீட்டின் பின்னறைக் கூரைக்குள் இறங்கியது. உள்ளே மரக்கடைக்காரர் சாப்பிட்டுவிட்டுக் குப்புறப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

குறட்டை பாதியில் நின்றது.

கல்லைத் தூக்க கிரேன் வந்தது. அடியில் கட்டில் எது, மனுஷன் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. கிரேன் ஆபரேட்டர் இடையில் இறங்கிப் போய் வாந்தியெடுத்துவிட்டு வந்து மிச்ச வேலையை முடித்தார்.

நான் தவழ்ந்து தவழ்ந்து கீழே இறங்கினேன், ஒரு கையால் பின்பக்கத்தைப் பொத்தியபடி.

ஜீப்பின் அருகே, கையில் விலங்கோடு உட்கார்ந்திருந்தான் செத்தவரின் தம்பி. மலைமேல் கல் உடைத்து விற்பவன். தெருவில் அவனுக்கு 'உடைப்பான்' என்று பேர். கல்லை மட்டும் வைத்து வந்த பேர் இல்லை என்று தெரு சொன்னது.

"சார், நான் தள்ளல! சத்தியமா தள்ளல!" என்றான்.

இன்ஸ்பெக்டர் அவன் பின்னந்தலையில் ஒன்று வைத்தார்.

"நேத்து காலைல அண்ணன்கிட்ட என்னடா சொன்ன?"

"அது... கோவத்துல..."

"என்ன சொன்னன்னு கேட்டேன்!"

"நீ செத்தாத்தான் இந்த வீடு எனக்குன்னு..."

"தெருவே கேட்டிருக்கு! மத்தியானம் ரெண்டு நாப்பதுக்கு எங்கடா இருந்த?"

"மேல."

"கையில?"

"...கடப்பாரை."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "பார்த்தீரா? எனக்குக் கணக்கு முடிஞ்சுது. உம்ம கையெழுத்துதான் பாக்கி. அஞ்சு மணிக்குள்ள ஒரே ஒரு வரி. தானா விழுந்துச்சுன்னு எழுதினா இவன் வீட்டுக்குப் போவான். நெம்பி விட்டதுன்னு எழுதினா இவன் கயித்துக்குப் போவான். வளவளன்னு எழுதாம நேரா எழுதும்!"

நேராக எழுதச் சொல்கிறார். காலையிலிருந்து என்னிடம் நேராகப் பேசிய ஆள் ஒருவர்கூட இல்லை. "கல்லு விழும்னு முன்னாடியே தெரியுமா?" என்று தெருவில் ஏழு பேரைக் கேட்டேன். ஏழு பேரும் வானத்தைப் பார்த்தார்கள்.

"மேல வாங்க சார், ஒண்ணு காட்டணும்" என்றேன்.

"நீர் முன்னால ஏறும்! உமக்குக் கீழே நான் நிக்க மாட்டேன்!"

"முன்னால ஏறினா நீங்க எனக்குக் கீழதான் சார் இருப்பீங்க."

அவர் முறைத்தார். அருகருகே ஏறினோம்.

*

பலகை பெயர்ந்த இடம் பச்சைப் புண்ணாக இருந்தது. பழைய பாறை கறுப்பு. புதிதாக வெளிப்பட்ட முகம் வெளிறிய மஞ்சள். நடுவில் என் தொடை பருமனுக்கு ஒரு மரவேர்.

"இந்த வேர் பதினஞ்சு வருஷமா ஆப்பு அடிச்சிருக்கு சார். மழைத் தண்ணி உள்ளே போய்ச் சேத்தைக் கரைச்சிருக்கு. பகல் வெயில்ல பாறை விரியும். அதான் மத்தியானம் விழுந்திருக்கு."

"வேரைக் கைது பண்ணவா?"

"பண்ணலாம். ஆனா முதல் குற்றவாளி செத்துட்டாரு."

"என்னய்யா சொல்றீர்?"

"கீழே பாருங்க. பின்னறை கட்ட எடம் பத்தலைன்னு பாறையோட அடியை ஆறடி உள்ளே வெட்டியிருக்காரு. தாங்கிட்டிருந்த காலை வெட்டிட்டு, அதோட மடியிலேயே கட்டிலைப் போட்டுப் படுத்திருக்காரு!"

இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார். "இதெல்லாம் வக்கீல் பேச்சு. கடப்பாரை நெம்பலைன்னு எப்படிச் சொல்றீர்?"

"நெம்பினா விளிம்புல வெள்ளையாத் தழும்பு இருக்கும். இல்லை. அதைவிட..."

நான் சொல்லி முடிக்குமுன் அதை அவரே பார்த்துவிட்டார்.

"இதென்னய்யா கோடு?"

விழாமல் நிற்கிற பாறையின் முகத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக, நீல நிறத்தில் சின்னச் சின்னக் கோடுகள். எண்ணினேன். முப்பத்தொன்று.

போன வருஷம் எங்கள் ஆபீஸ், நேற்று விழுந்த அந்தத் தொங்கு பலகையில் ஓர் ஆணி அடித்தது. நிற்கிற பாறையில் ஓர் ஆணி. இரண்டுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அந்த வீட்டு ஆள் தினமும் காலையில் அளக்க வேண்டும். வாரம் ஒருமுறை எங்களுக்குப் போனில் சொல்ல வேண்டும்.

யாரோ அதோடு நிற்கவில்லை. பலகை இறங்க இறங்க, அதிலிருந்த ஆணி அன்றைக்கு எந்த மட்டத்தில் இருந்ததோ அதற்கு நேரே நிற்கிற பாறையில் ஒரு கோடு இழுத்திருக்கிறார்கள்!

மேலே இருந்த கோடுகளுக்கு நடுவே ஒரு மயிரிழை. அப்புறம் அரிசி மணி. கடைசி மூன்று...

ஒரு விரல். இரண்டு விரல். நாலு விரல்!

"நெம்பினா ஒரே நாள்ல விழும் சார். இது முப்பத்தோரு நாளா, கொஞ்சம் கொஞ்சமா, வேகம் கூடிக் கூடி இறங்கியிருக்கு. தம்பி தள்ளல."

இன்ஸ்பெக்டர் முகம் சுருங்கியது. நல்ல கேஸ் ஒன்று கையை விட்டுப் போகிற முகம்.

"கோடு போட்டது யாரு?"

நான் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

என் பையில் ஆபீஸ் ரெஜிஸ்டர் இருந்தது. அதில் அந்த வீட்டிலிருந்து வந்த கடைசி நாற்பது நாள் அளவு: பதினாலு. பதினாலு. பதினாலு...

பாறை மூச்சு விடும், ஐயா! வெயிலில் அரை மில்லி விரியும், குளிரில் அரை மில்லி ஒடுங்கும். நாற்பது நாள் அசையாமல் பதினாலு என்றால், அளந்தவர் பொய் சொல்கிறார். முதல் வருஷ மாணவன்கூடக் கண்டுபிடிப்பான்.

ஒவ்வொரு பதினாலுக்கும் பக்கத்தில் 'பார்த்தேன்' என்று என் கையெழுத்து!

"யாருன்னு கேட்டேன்!"

"ஆபீஸ் ஏற்பாடு சார்" என்றேன்.

பொய்யில்லை. மெய்யும் இல்லை. இப்போது நானும் வானத்தைப் பார்த்தேன்.

*

கையில் பெயின்ட் டப்பாவோடு வேலையை முடித்தேன். பக்கத்து மூன்று வீடுகளைக் காலி செய்ய வைத்தேன். பாறையின் மிச்சப் பாதி செத்தவர் வீட்டு ஹாலுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. ஹால் கதவில் சிவப்புப் பெருக்கல் குறி போட்டு நோட்டீஸ் ஒட்டினேன். கல் எட்டாத இடம் தெருப்பக்க அறை மட்டும்தான்.

அதில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள், செத்தவரின் மனைவி. அந்தத் தெருவின் தையல்காரி. மெஷின் மேல் துணி வெட்டக் குறிக்கிற சாக்கட்டி.

நீலம்.

"பேன்ட்டைக் கழட்டிக் குடுங்க சார்" என்றாள்.

"என்னது?"

"பின்னாடி கிழிஞ்சிருக்கு. தெருப் பிள்ளைங்க சிரிக்குதுங்க."

ஒரு கொலையை விசாரிக்கப் போனவன் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். மெஷின் கடகடத்தது.

"அம்மா... ஆணி அளவு நீங்கதானே எடுத்தீங்க?"

"ஆமா சார். நூல் என்ன கலர் போடட்டும்?"

"தினமும் பதினாலுன்னு சொல்லியிருக்கீங்க."

"கறுப்பே போட்டுடறேன். தெரியாது."

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

"டீ குடிக்கிறீங்களா?"

அவள் துணியைத் திருப்பினாள். அப்போதுதான் அவள் இடது கையைப் பார்த்தேன். கட்டைவிரல் நகமே இல்லாமல், நடுவில் மடங்கி, வேறு யாருடையதோ போல ஒட்டிக்கொண்டிருந்தது.

"மெஷின் ஊசியா?"

"ஊசிதான். சட்டை தைச்சது இறுக்கமா இருக்குன்னு அவர் சக்கரத்தைச் சுத்தினாரு." துணியை நகர்த்தினாள். "கொழுந்தன் என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. பதினாறு குத்து. எண்ணினேன்."

நான் ரெஜிஸ்டரை எடுத்து மடியில் வைத்தேன்.

இந்த அம்மாளைக் காட்டிக் கொடுப்பதா? ரெஜிஸ்டரை நீட்டினால் அவள் உள்ளே போவாள். என் வேலையும் போகும். இரக்கமும் பயமும் ஒரே பக்கம் இழுத்தால் மனசாட்சிக்கு என்ன சிரமம்! பேனாவை எடுத்து எழுதினேன்: 'பாறை தானாக விழுந்தது.'

மணி ஐந்தாக ஆறு நிமிஷம். இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியே அதை வாங்கினார். படித்தார். விலங்கின் சாவி கிளிக்கென்றது.

அடுத்த நிமிஷமே உடைப்பான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"என்ன அண்ணி, ஆள் போன மறுநாளே ஆம்பளை பேன்ட் தைக்கிறீங்க?"

"வாங்க தம்பி."

"வீடு இனிமே என்னுது. புரியுதா? பெட்டியைக் கட்டு!"

"சரி தம்பி." அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "எனக்கு ஹால் மட்டும் விட்டுடுங்க. அங்கதான் நல்லா காத்து வருது. மத்தியானம் படுத்தா தூக்கம் சொக்கும். மத்த ரூமெல்லாம் நீங்க வச்சுக்குங்க."

"ஹாலா?" அவன் சிரித்தான். "நல்ல எடமாப் பார்த்துக் கேக்கறா பாரு! அதுல நான்தான் படுப்பேன்!"

"தம்பி, தயவு பண்ணுங்க. அதை மட்டும்..."

"வாயை மூடு!"

நான் போர்வையோடு எழுந்தேன். "அய்யய்யோ, ஹால்ல யாரும் படுக்கக் கூடாதுங்க! மேல பாறை தொங்குது! நோட்டீஸ் ஒட்டியிருக்கேன், பார்க்கலையா?"

உடைப்பான் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"ஓகோ... இவளுக்கு ஹாலை வாங்கிக் குடுக்க நீர் பேசறீரா? முதல்ல பேன்ட்டைப் போடும்யா!"

"சொன்னாக் கேளுங்க! உயிர் போயிடும்!"

அவன் உள்ளே போனான். நோட்டீஸ் கிழிபடும் சத்தம். கட்டில் ஒன்று ஹாலுக்குள் கரகரவென்று இழுபடும் சத்தம்.

ஜன்னலை எட்டிப் பார்த்தேன். "இன்ஸ்பெக்டர் சார்!" கண்ணாடி இல்லாத ஜீப் திருப்பத்தில் மறைந்துவிட்டது.

அறையில் நானும் அவளும்.

அவள் பேன்ட்டை உதறி, மடித்து, என்னிடம் நீட்டினாள். தையல் போட்ட இடமே தெரியவில்லை.

பேன்ட்டை வாங்கிய கையோடு கேட்டேன்.

"உங்க வீட்டுக்காரரும்... இப்படித்தான் பின்னறைக்குப் போனாரா?"

அவள் வானத்தைப் பார்க்கவில்லை. டீ வேண்டுமா என்று கேட்கவில்லை. என் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"ஆமா சார். எனக்கு வேணும்னு கேட்டேன். நான் கேட்டது எதையும் எனக்கு விட்டதில்ல, ரெண்டு பேருமே."

"இந்த மிச்சப் பாறை... எப்ப விழும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். அதுக்கும் தனியா கோடு போட்டிருக்கேன். இன்னும் ஒன்பது நாள். மழை வந்தா ஆறு."

படித்த படிப்பையும், பத்துக் கருவிகளையும் வைத்து நான் மதியம் போட்ட கணக்கில் பன்னிரண்டு நாள் வந்திருந்தது. பேனாவை எடுத்து அடித்துவிட்டு ஒன்பது என்று திருத்திக்கொண்டேன்!