நாயின் வாலில் பாதி நிறம்

சலூன்காரர் தோளில் போட்ட துண்டோடு மூச்சிரைக்க வந்து நின்றார்.

"அப்பா வாங்கின படம் சார். யாரோ அதுல சாயம் பூசிக் கெடுத்துட்டாங்க. காலையில ஒரு வாடிக்கைக்காரர் சொல்லித்தான் தெரிஞ்சுது. கடையில எங்கூட நிக்கிறது ஒரே ஆள். பன்னெண்டு வருஷமா இருந்தவன். அப்பவே வீட்டுக்குப் போடான்னு அனுப்பிட்டேன்."

ஊரார் 'நிதானம்' என்று அழைக்கும் துப்பறிவாளர் மெல்ல எழுந்தார். அவருடைய மைத்துனன் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தான்.

சலூனில், வெயில் விழும் சுவரில் அந்தப் பழைய கேலிப்படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அச்சடித்து, கையால் வண்ணம் தீட்டியது. நாவிதர் ஒருவர் பெரிய மனிதரின் மூக்கைப் பிடித்துக்கொண்டு சவரம் செய்கிறார். அந்தப் பெரிய மனிதரின் பொய்முடியை நாய் கவ்விக்கொண்டு ஓடுகிறது. கதவருகே ஒரு சிறுவன் வாயைப் பிளந்து சிரிக்கிறான். எல்லாம் வெளிறிக் கிடக்க, சிறுவனின் கன்னம் மட்டும் நேற்றுத் தீட்டியதுபோல் சிவந்திருந்தது.

"வேலையாள்தான் அத்தான்! தலைக்கு டை அடிக்கிற கையாச்சே!"

"பொறுடா. நாயோட வாலைப் பாரு."

வாலில் பாதி அடர்ந்த பழுப்பு, பாதி வெளிறல். நடுவே அளவுகோல் வைத்தாற்போல் நேர்க்கோடு.

"முகத்துக்குச் சாயம் பூச வந்தவன் நாய் வால்ல பாதிய எதுக்குப் பூசணும்? யாரும் எதையும் பூசல. மத்ததெல்லாம் வெயில்ல வெளுத்திருக்கு. இந்தச் சதுரத்தை மட்டும் ஏதோ மறைச்சிருந்துச்சு."

முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒட்டியிருந்த அட்டையை அவர் உரித்தார். 'தலையை ஆட்டாதீர்கள்.' மூலைகளில் மஞ்சளேறிய பழைய பசைத் தடம். அதன்மேல் புதிய பசை. படத்தின்மேல் வைத்தார். சிறுவனும் பாதி வாலும் கச்சிதமாக மறைந்தன.

"இது இங்க இருந்தது உங்களுக்குத் தெரியாது. இந்தப் பக்கம் நீங்க பார்க்கிறதே இல்ல. எத்தனை வருஷமா?"

சலூன்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து நாற்காலியைத் துடைக்கத் தொடங்கினார்.

கதவில் தொங்கிய சலவைப் பட்டியலையும் அட்டையையும் நிதானம் மாறி மாறிப் பார்த்தார். ஒரே கையெழுத்து. வீட்டிலிருந்து அப்போதுதான் வந்து மூலையில் துண்டு மடித்துக்கொண்டிருந்த சலூன்காரரின் மனைவி நிமிர்ந்தாள்.

"நான்தான் ஒட்டினேன். ஆறு வருஷமாச்சு. எங்க பையன் தவறிப்போன மறுவாரம். அந்தச் சிரிப்பு அச்சு அசல் அவனேதான்னு வர்றவங்க எல்லாம் சொல்வாங்க. அதைப் பார்த்தாலே இவருக்குக் கை நடுங்குச்சு. கத்தி பிடிக்கிற கை சார்."

"அப்புறம் ஏன்க்கா இப்ப எடுத்தீங்க?" என்றான் மைத்துனன்.

"போட்டோ எல்லாத்துலயும் வெறப்பா நிக்கிறான் தம்பி. அவன் சிரிப்பு எனக்கு மறந்துபோச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார் சலூன்காரர்.

"அவன் பேரை எடுத்தாலே எந்திரிச்சுப் போயிடுவீங்களே."

வேலையாளைக் கூட்டிவர மைத்துனன் ஓடினான். சலூன்காரர் தயங்கித் தயங்கித் தலையை நிமிர்த்தினார். படத்துச் சிறுவனை வெகுநேரம் பார்த்தார்.

"இப்படியாடி சிரிப்பான்?"

அவள் அருகே வந்து நின்றாள்.

"இல்லங்க. வாய் இன்னும் கொஞ்சம் பெருசு."

அட்டை நிதானத்தின் கையிலேயே இருந்தது. எங்கே ஒட்டுவது என்று அவர் கேட்கவில்லை.