வலது மேல் மூலை

டோக்கியோவின் அசகுசா கோயில் வாசலில், பெரிய சிவப்பு விளக்குக்குக் கீழே எடுத்த படத்தில், வலது மேல் மூலையில் ஒரு வட்டம் இருந்தது. வட்டத்துக்குள் ஷிஹோவின் முகம்.

வராத பிள்ளையைத்தான் அப்படிப் போடுவார்கள். படம் எடுக்கும் அன்று காய்ச்சலில் படுத்தவன், கால் ஒடித்துக்கொண்டவன், யாராக இருந்தாலும் முகத்தை மட்டும் வெட்டி மூலையில் ஒட்டிவிடுவது பள்ளிக்கூட வழக்கம். ஆனால் ஷிஹோ வந்திருந்தாள். நேற்று ரயிலில் குடோ டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவித்த முட்டை தின்றாள், ஒன்றை டீச்சரின் பையிலும் வைத்தாள். ஊரைத் தாண்டியே அறியாத பெண். ரயிலடியில் அவள் அம்மா டீச்சரின் கைகளைப் பிடித்துக்கொண்டு, "தனியா இருந்தா பயந்துக்குவா டீச்சர். பத்திரமா கொண்டாந்து விட்ருங்க" என்று கெஞ்சியபோது, அது என் பொறுப்பு என்று டீச்சர் வாக்குக் கொடுத்திருந்தார்.

"என்ன சார் இது? வந்த பிள்ளையைப் போய் மூலையில வெச்சிருக்கீங்க?"

சுற்றுலாவுக்குக் கூடவே வரும் புகைப்படக்காரர் நுமதா கேமராத் திரையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். "நான் எங்க வெச்சேன்? இப்பத்தானே எடுத்தேன். வட்டம் போடற வேலையெல்லாம் ஊருக்குப் போய்க் கடையில உக்காந்து செய்யறது."

"அப்ப இதை அந்த விளக்கு போட்டுச்சாக்கும்."

அவர் சிரிக்கவில்லை. டீச்சர் படத்தில் இருந்த தலைகளை எண்ணினார். வரிசையில் இருபத்தெட்டு. அழைத்து வந்ததும் இருபத்தெட்டு. ஷிஹோ மூலைக்குப் போன பிறகும் எண்ணிக்கை குறையவில்லை. இரண்டாவது வரிசையில், ஷிஹோ நிற்க வேண்டிய இடத்தில், குனிந்த தலையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். நெற்றி முடி கண்ணை மறைத்திருந்தது. கழுத்து ரிப்பன் கோணலாக இருந்தது.

அந்தக் கோணல் ரிப்பனை டீச்சருக்குத் தெரியும். மூன்று வருஷமாக ஒவ்வொரு வகுப்புப் படத்திலும் வட்டத்துக்குள் இருந்தது அதுதான். சனாயே. சேர்ந்த அன்று ஒரு படம் எடுத்துக்கொண்டதோடு சரி, பிறகு பள்ளிப் பக்கம் வரவில்லை. வீட்டில் தன் அறையை விட்டும் வரவில்லை. நேற்றுக் காலை பள்ளி முற்றத்தில் நுமதா, "சனாயேவை இந்தத் தடவையும் வட்டத்துல போட்டுடவா?" என்று கேட்டார். "விடுங்க சார், படத்தோட அழகே கெடுது. அந்தப் பிள்ளை இருக்குறதையே எல்லாரும் மறந்தாச்சு" என்று டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னார். சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது, தெருவுக்கு எதிர்ப்பக்கம் சனாயே வீட்டு மாடி ஜன்னலில் திரை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. காற்றுதான் என்று நினைத்துக்கொண்டார்.

உயேனோ அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தபோது மழை பிடித்திருந்தது. ஈரக் குடைகளின் ரப்பர் வாடையும் தரை மெழுகின் வாடையும் கலந்து மூக்கில் ஏற, உயரத்தில் எங்கோ தொங்கிய டைனோசர் எலும்புகளின் நிழல் பிள்ளைகளின் தொப்பிகள் மேல் ஊர்ந்து போக, அத்தனை காலணிச் சத்தத்துக்கு நடுவிலும் யாரோ ஒருவர் காலை இழுத்து இழுத்து நடக்கும் சத்தம் மட்டும் டீச்சரின் முதுகுக்குப் பின்னால் விடாமல் வந்துகொண்டிருந்தது, வெகுநாள் நடக்காதவர் நடப்பது போல. ஷிஹோவை எங்கும் காணவில்லை. கழிப்பறையில் இல்லை. படிக்கட்டில் இல்லை.

வகுப்புத் தலைவன் கோஹெயைப் பிடித்து நிறுத்தினார். "ஷிஹோ எங்கடா?"

"எந்த ஷிஹோ? ரூமை விட்டே வெளிய வர மாட்டாளே, அவளா?" கோஹெய் சிரித்தான். "அவளுக்கும் டைனோசருக்கும் ஒன்னுதான் டீச்சர், ரெண்டையும் யாரும் உயிரோட பாத்ததில்ல."

"விளையாடாத! நேத்து ரயில்ல என் பக்கத்துல உக்காந்து வந்தாளேடா."

"உங்க பக்கத்துல வந்தது சனாயே டீச்சர்." அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. "அதோ நிக்கிறாளே."

கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடியில் அவள் உருவம் விழவில்லை. டீச்சரைத் திரும்பிப் பார்த்து, நல்ல பிள்ளையாகத் தலை வணங்கினாள்.

டீச்சர் தூணுக்குப் பின்னால் போய் ஷிஹோவின் வீட்டுக்கு ஃபோன் போட்டார்.

"ஐயோ, டோக்கியோவுல இருந்தும் என் மகளை விசாரிக்கிறீங்களா?" என்றாள் அம்மா. "இங்கதான் டீச்சர் இருக்கா, மாடியில. மூணு வருஷமா இதே கதிதான், சாப்பாட்டைக் கதவுக்கிட்ட வெச்சுட்டு வர்றேன். இன்னைக்கு என்னமோ காலையில இருந்து கதவைத் தட்டிக்கிட்டே இருக்கா. போய்த் திறந்தா, உள்ள யாரும் இல்ல."

ஃபோனுக்குள் அந்தத் தட்டல் கேட்டது. மெதுவாக. விடாமல்.

அருங்காட்சியகத்தில் எடுத்த படத்திலும் வட்டம் இருந்தது. காலைப் படத்தில் ஷிஹோவின் கண்கள் மூடியிருந்தன. இதில் திறந்திருந்தன. நேரே டீச்சரைப் பார்த்தன.

நாலு மணிக்கு டோக்கியோ கோபுரத்தின் மேல் தளத்தில் நுமதா வரிசை போட்டபோது, டீச்சர் குறுக்கே போய் நின்றார்.

"படம் வேண்டாம் சார். கெஞ்சிக் கேக்குறேன், இனிமே எடுக்காதீங்க."

"கோபுரத்துக்கு வந்து படம் இல்லாமப் போனா ஹெட்மாஸ்டர் என்னைச் சும்மா விடுவாரா?"

"ஷிஹோ காலையில இருந்தா சார். நீங்களும் பாத்தீங்க."

அவர் இரக்கத்தோடு பார்த்தார். "அந்தப் பிள்ளை எப்பவும் வட்டத்துலதானே டீச்சர் இருக்கும்."

"டீச்சர், சீக்கிரம் வாங்க!" பிள்ளைகள் கத்தினார்கள். இருபத்தேழு பிள்ளைகளும் சிரித்த முகம். டீச்சர் மட்டும்தான் ஷிஹோவை நினைவு வைத்திருந்தார், அதுவும் கரைந்துகொண்டிருந்தது. ஷிஹோவின் குரல் எப்படி இருக்கும்? ஞாபகம் வரவில்லை. முட்டை. அது இருக்கிறதே! பைக்குள் கைவிட்டார். காலி.

வரிசையின் ஓரத்தில் சனாயே முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். ஓடு ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தது.

"எம்மேல தப்புதான் சனாயே," என்றார் டீச்சர். அழுகை முட்டியது. "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவளை விட்டுடும்மா. அவ உன்னை என்ன செஞ்சா?"

"அவளுக்குத் தனியா இருக்கப் பயமாம் டீச்சர்." சனாயே அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் ஈரமாக, சில்லென்று இருந்தன. "துணைக்கு யாராவது வேணுமாம்."

ஓட நினைத்தார். கால் வரவில்லை.

"சிரிங்க," என்றார் நுமதா. "ஒன்னு... ரெண்டு..."

வெளிச்சம்.

பிறகு சத்தம் எதுவும் இல்லை. குளிரும் இல்லை. கீழே, வெகு கீழே, மூன்று வரிசைத் தொப்பிகள். இருபத்தெட்டு. வரிசைகளுக்குப் பக்கத்தில் குடோ டீச்சரின் கோட்டைப் போட்டுக்கொண்டு, பள்ளிக் கொடியைப் பிடித்தபடி யாரோ நின்றிருந்தார்கள். தலை குனிந்திருந்தது.

டீச்சர் கையை அசைத்துப் பார்த்தார். கழுத்துக்குக் கீழே எதுவும் இல்லை. முகத்தைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு. வட்டமாக.

பக்கத்து வட்டத்தில் ஷிஹோ வாய் பிளந்து அலறிக்கொண்டிருந்தாள், சத்தமே இல்லாமல். கையிருந்தால் எட்டும் தூரம்தான்.