பரணிலிருந்து பதில்

அக்கா விஜயலட்சுமி பதிலை நிறுத்திய பிறகும் பிரேமலதாவின் உதடுகள் ஒரு நொடி கூடுதலாக அசைந்துவிட்டன. லேப்டாப் திரையில் இருந்தவர் கவனிக்கவில்லை. இரண்டாவது சுற்று நேர்காணல் முடிந்தது.

கையில் மைக்கும் கழுத்தில் வியர்வையுமாக அக்கா பரணிலிருந்து இரும்பு ஏணியில் இறங்கினாள்.

"ஏட்டி, நான் நிறுத்துனா நீயும் வாய மூடணும். கெண்டை மீனு மாதிரி அசைச்சுக்கிட்டே இருக்க."

"பயத்துல வந்துட்டுக்கா."

"உனக்குத் தெரியாத பதிலாட்டி இதெல்லாம்? வாயத் தொறந்தா காத்துதான் வருது."

உண்மைதான். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்கில் முதல் வகுப்பு வாங்கியவள், கேள்வி கேட்பவரின் முகத்தைக் கண்டதும் ஊமையாகிவிடுவாள். ஆறு கம்பெனிகள் அப்படிக் கைவிட்டுப் போயின. அதன் பிறகுதான் இந்த ஏற்பாடு. மேலே பரணில் குப்புறப் படுத்தபடி அக்கா பேசுவாள். கீழே கேமராவின் முன்னால் தங்கை வாயசைப்பாள். இருவருக்கும் ஒரே குரல்.

அக்கா செம்பூர் ஆபீசுக்குக் கிளம்பிப் போனாள். மாலையில் அங்கே ரயில் ஏறியவள் அடுத்த ஸ்டேஷனான திலக் நகர்கூட வந்து சேரவில்லை. கூட்டம். கதவோரம் நின்றிருந்தாளாம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மூன்றாவது சுற்றுக்கு மெயில் வந்தது. வீட்டில் சம்பளம் என்று இப்போது எதுவும் இல்லை. இந்த முறை தன் வாயால் பேசியாக வேண்டும் என்று பிரேமலதா முடிவு செய்தாள்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு அம்மா பேராச்சி தாராவிச் சந்தில் இறங்கி, எதிரே பை தைக்கும் பட்டறையைப் பார்த்து, ஒரு மணி நேரம் மெஷினை நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுத்தாள்.

"அல்தாப் பாய், ஏக் கண்டா மெஷின் பந்த் கரோ நா."

"பந்த் ஹோ கயா, அம்மா. இந்தத் தடவ மிட்டாய் வரலன்னா நாளைக்கு டபுள் சத்தம்."

தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய, பக்கத்து வீட்டு டிவியும் அடங்க, வெட்டிய ரெக்சினின் வாடையோடு வெக்கை அறைக்குள் வந்து தங்கியது. அந்த அமைதியில், இத்தனை நாளும் மெஷின் சத்தத்துக்கு அடியில் மறைந்து கிடந்த ஒன்று மெல்ல மேலெழுந்து வந்தது. பரண் பலகையில் யாரோ குப்புறப் படுத்து, ஒரு முழங்கையிலிருந்து மறு முழங்கைக்கு உடம்பை மாற்றும் முனகல். யூகலிப்டஸ் தைல வாடை. அக்கா தடவுவது.

எலியாக இருக்கும்.

திரையில் பரீஹா என்ற மேலாளர் வந்தாள். ஆங்கிலத்தில் நேராகக் கேள்விக்குப் போனாள்.

"பல சர்வர்கள் சேர்ந்து ஒரே வேலையைச் செய்கின்றன. அதில் ஒன்று செத்துவிட்டதாக மற்றவை முடிவு செய்துவிட்டன. ஆனால் அது இன்னும் பதில் அனுப்பிக்கொண்டிருக்கிறது. என்ன செய்வீர்கள்?"

பிரேமலதாவுக்குப் பதில் தெரியும். வாயைத் திறந்தாள்.

காற்று.

மேலே ஒரு செருமல். பிறகு குரல்.

"இரண்டும் ஒரே பெயரில் பதில் சொல்லக் கூடாது. ஒன்றை நிறுத்தியாக வேண்டும்."

"எதை?"

பலகை கிறீச்சிட்டது. ஏணிப் பக்கமாக.

"பேச முடியாததை."

பிரேமலதா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். திரையின் மூலையில், சிறு கட்டத்தில், அவள் முகம். அங்கே கைகள் மேசை மேல் இருந்தன. உதடுகள் அசைந்தன. பிசகில்லாமல்.

பரீஹா தலையாட்டிக் குறித்துக்கொண்டாள்.

அம்மா வாசலில் வந்து நின்றிருந்தாள். அவள் மகளைப் பார்க்கவில்லை. பரணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா போன பிறகு முதல் முறையாகச் சிரித்தாள்.

வேலை கிடைத்தது. ஏழு மாதமாகிறது. தினமும் காலை பத்து மணிக்கு மீட்டிங். முதல் மாதம் குரல் பரணிலிருந்து வந்தது. தீபாவளிக்கு முன்பு ஏணியின் நடுப்படியிலிருந்து. இப்போது அவள் காதுக்குப் பின்னாலிருந்து வருகிறது, தைல வாடையோடு, ஈரமான மூச்சோடு.

பிரேமலதா திரும்புவதில்லை.

திரையின் சிறு கட்டத்தில் உதடுகள் அசைகின்றன. அவள் வாய் மூடியே இருக்கிறது.