நல்ல மரம்

வாசல் கதவின் அடிப்பக்கம் நனைந்திருந்தது. ஒரு வருஷமாக மழை இல்லை. மருமகள் துணியால் துடைக்கத் துடைக்க, அழுகிய பாசியின் வாடையும் சேற்றின் குளிர்ச்சியுமாக ஈரம் மரத்துக்குள்ளிருந்தே மெல்ல ஊறி வந்து, அவள் விரல் நுனிகளைச் சுருங்க வைத்தது.

ஊர் முன்பு பள்ளத்தில் இருந்தது. அணை கட்டியதும் மேட்டுக்கு ஏறியது. அதே தெருக்கள், அதே வரிசையில் வீடுகள், அதே பக்கத்து வீட்டுச் சண்டைகள். மரம் கிடைக்காத காலம். அவரவர் பழைய கதவைக் கழற்றி வந்து புது வீட்டில் மாட்டினார்கள். கடைசி வண்டியில், படுத்த படுக்கையாய்க் கிடந்த மாமனாரின் தாய்க்கும் கதவுக்கும் சேர்த்து இடமில்லை.

"கிழவி எப்படியும் போயிடுவா. இது நல்ல மரம்," என்றாராம் மாமனார்.

பழைய வீட்டுக்குள் அணைத் தண்ணீர் ஏறியபோது, கதவில்லாத வாசல் திறந்தே கிடந்தது. கிழவியால்தான் நகர முடியவில்லை.

இப்போது அவரும் வாதம் வந்து கட்டிலோடு கிடந்தார். அணையில் நீர் வற்றி, பழைய சுவர்கள் தலைகாட்டியிருந்தன.

அடுத்த வீட்டுத் தச்சர் வந்து பார்த்தார். "தண்ணி நின்ன கோடும்மா இது. நேத்து முட்டி வரைக்கும்தான். இன்னிக்கு இடுப்புக்கு ஏறியிருக்கு." கட்டில் பக்கம் திரும்பிச் சிரித்தார். "என்ன பெரியவரே, அம்மா தேடி வர்றாங்களா?"

"வாயை மூடுடா," என்றார் மாமனார். அவர் கண்கள் கதவை விட்டு நகரவில்லை.

அந்தி சாய்ந்தது. காயப்போட்ட துணிகளை எடுக்க மருமகள் வெளியே போனாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தள்ளினாள். ஊதிப்போய் நிலையில் இறுகியிருந்தது.

"தண்ணி ஏறுதும்மா! தூக்கி உட்கார வையேன்!" உள்ளிருந்து மாமனார் கத்தினார்.

ஜன்னலுக்கு ஓடினாள். தரை காய்ந்திருந்தது. கட்டில் காய்ந்திருந்தது. ஆனால் மாமனாரின் நரைமுடி மேலெழுந்து மெல்ல அலைந்தது. வேட்டி நுனியும். வாய் திறந்தது. குமிழி வந்தது.

அவள் அலறலுக்குத் தச்சர் கோடாலியோடு ஓடிவந்தார். ஓங்கிய கையை, அப்போதுதான் வீடு திரும்பிய அவள் கணவன் பிடித்தான்.

"உடைக்காதீங்க. காஞ்சா தானா திறந்துக்கும்."

"உள்ள உங்க அப்பாங்க!"

"நல்ல மரம்டீ."

கதவில் ஈரக்கோடு அவன் மார்பு உயரத்தைத் தாண்டியது. தோள் துண்டை எடுத்துக் கதவைத் துடைத்தான். பதமாக.

உள்ளே மாமனார் கட்டிலை விட்டு எழுந்தார். எழவில்லை. மிதந்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து நீண்ட ஒரு வெளுத்த கை, அவர் கணுக்காலைப் பிடித்திருந்தது.