பதினொன்று இருபதுக்கு வரும் டிக்கெட்

பழைய நூலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு லிஃப்ட் போகாது. தரைத்தளத்தில் இறங்கி, ஓடாத ஜெராக்ஸ் மெஷின் கிடக்கும் நடையைத் தாண்டி, இருபத்திரண்டு படிகள் இறங்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் கணினி உதவிப் பிரிவுப் பொறுப்பாளர் அன்று காலை பதினொன்று பத்துக்கு அந்தப் படிகளின் உச்சியில் வந்து நின்றார். கையில் ஒரு ஸ்குரூடிரைவர் பெட்டி இருந்தது. இந்தப் படிகளில் இறங்கச் சோம்பல்பட்டதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம் என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

சாவியோடு காவலாளி முன்னால் இறங்கினார்.

"நீங்கதானே சார் போன வருஷம் எங்களுக்கெல்லாம் கிளாஸ் எடுத்தீங்க? பாஸ்வேர்டைச் சம்சாரத்துக்கிட்டகூடச் சொல்லக்கூடாதுன்னீங்க."

"ஆமா."

"அன்னைக்குப் போய் அவகிட்ட அதைச் சொல்லித் தொலைச்சேன். அப்படி என்ன மறைச்சு வச்சிருக்கீங்கன்னு இன்னும் குடைஞ்சுக்கிட்டு இருக்கா."

பொறுப்பாளர் சிரிக்க முயன்றார். முகம் ஒத்துழைக்கவில்லை.

காவலாளி கதவைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார். "நான் மேல இருக்கேன் சார். ஃபைலக்கா போனதுக்கப்புறம் இந்த ரூம்ல எனக்கு வேலை ஒண்ணும் இல்ல."

ஃபைலக்கா என்று எல்லோரும் கூப்பிட்டது மாணவர் பதிவேட்டு எழுத்தரை. இருபத்தாறு வருடம் இந்த அறையில் இருந்தவர். எந்த மாணவனின் எந்தக் காகிதம் எந்த அலமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கணினி வந்தபோது பயந்தார். ஆனால் பயந்தவர்கள்தான் விதிகளைப் பிசகாமல் கடைப்பிடிப்பார்கள். பயிற்சி வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து, பொறுப்பாளர் சொன்னதை வரிவரியாக எழுதிக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதீர்கள். போனில் கேட்பது தெரிந்த குரலாக இருந்தாலும் நம்பாதீர்கள். சந்தேகம் வந்தால் உதவிப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள்.

அப்படி எழுதிக் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண் விழும். அதைத்தான் டிக்கெட் என்பார்கள். பதில் எழுதியதும் டிக்கெட்டை மூட வேண்டும்.

பதினான்கு மாதத்துக்கு முன்னால், ஊழியர்களின் கணக்குகளைப் புதிய சர்வருக்கு மாற்றும் வேலை நடந்தது. மதியத்துக்குள் முப்பத்தொரு பேரை முடிக்க வேண்டும். ஒவ்வொருவர் அறைக்கும் நேரில் போய், அவர்களையே பாஸ்வேர்ட் அடிக்கச் சொல்ல வேண்டும் என்பது விதி. பொறுப்பாளர் நாற்காலியை விட்டு எழவில்லை. போனை எடுத்தார். எல்லோரும் சொன்னார்கள். பேராசிரியர்கள்கூட இரண்டாவது கேள்வி கேட்காமல் ஒப்பித்தார்கள். ஃபைலக்கா மட்டும், ஒரு நிமிஷம் இருங்க என்று சொல்லி அவரைக் காத்திருக்க வைத்துவிட்டு, எழுதிக் கேட்டார்.

"உதவிப் பிரிவிலிருந்து என்று ஒருவர் போனில் இருக்கிறார். பாஸ்வேர்ட் கேட்கிறார். சொல்லலாமா?"

அந்த டிக்கெட் பொறுப்பாளரின் திரையில்தான் வந்து விழுந்தது. நேரம் பதினொன்று இருபது. ஒரு காதில் போன். கண்ணெதிரே ஃபைலக்காவின் கேள்வி. பொறுப்பாளருக்குச் சிரிப்பு வந்தது. "சொல்லலாம்" என்று ஒற்றைச் சொல் அடித்து டிக்கெட்டை மூடினார். ஃபைலக்கா பாஸ்வேர்டைச் சொன்னார்.

பொறுப்பாளர் முப்பத்தொரு பாஸ்வேர்டையும் ஒரே கோப்பில் எழுதி வைத்திருந்தார். மூன்று வாரத்தில் அந்தக் கோப்பு திருடு போயிற்று. திருடியவன் ஃபைலக்காவின் கணக்கு வழியாக உள்ளே நுழைந்தான். நானூறு மாணவர்களின் மருத்துவச் சான்றுகள், யாருக்கு என்ன நோய், யார் மனநல மருத்துவரைப் பார்த்தார்கள் என்பது வரை, ஊர் சிரிக்க வெளியே வந்தன.

விசாரணையில் ஃபைலக்கா சொன்னார்: "நான் எழுதிக் கேட்டேன். சொல்லலாம்னு பதில் வந்துச்சு." அப்படி ஒரு டிக்கெட் இருக்கிறதா என்று தேடினார்கள். இல்லை. முந்தின நாள்தான் பொறுப்பாளர் அதை அழித்திருந்தார். உதவிப் பிரிவு பாஸ்வேர்ட் கேட்குமா என்று கேட்டார்கள். ஒருபோதும் கேட்காது என்றார் பொறுப்பாளர். 'பொய் சொன்னார்' என்று ஃபைலக்காவின் பணிக்கோப்பில் எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டே மாதம். படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அவருடைய மகள் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அவள் கொடுத்த மனுவில் கேட்டிருந்தது ஒன்றுதான்: அந்த இரண்டு சொற்களை அடித்துவிடுங்கள். இன்று பன்னிரண்டு மணிக்குப் பதிவாளர் முன்னால் கடைசி விசாரணை. பொறுப்பாளர் மறுபடியும் ஒருமுறை, கேட்கவில்லை என்று சொன்னால் முடிந்தது.

ஆனால் ஒன்பது வேலை நாளாக, தினமும் பதினொன்று இருபதுக்கு, அழித்த டிக்கெட் திரும்பி வந்துகொண்டிருந்தது. அதே எண். அதே கேள்வி. நீக்கப்பட்ட கணக்கிலிருந்து. அழித்தால் மறுநாள் வரும். கீழ்த்தள அறையின் கணினியிலிருந்து வருவதாகப் பதிவு காட்டியது. யாரோ விளையாடுகிறார்கள், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவிட்டால் சரியாகிவிடும். அப்படித்தான் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு வந்திருந்தார்.

அறையில் ஈரச்சுவரும் பழைய தாளும் கலந்த வாடை. அதற்கு மேலாக, மெல்லிசாகத் தலைவலித் தைலம். குழல்விளக்கு இரண்டு தடவை கண் சிமிட்டிவிட்டு எரிந்தது.

மேஜையில் கணினி இருந்தது. பொறுப்பாளர் குனிந்து பார்த்தார். மின்சார வயரும் இல்லை, நெட்வொர்க் வயரும் இல்லை. இரண்டையும் யாரோ பிடுங்கி, ரப்பர் பேண்டு போட்டு, அலமாரியின் மேல் வைத்திருந்தார்கள். தொலைபேசியின் வயரும் அங்கேதான் கிடந்தது. கீபோர்டின் மேல் ஒரு வருடத் தூசி, சாம்பல் துணி போர்த்தியதுபோல.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று பத்தொன்பது.

தொலைபேசி மணி அடித்தது.

வயர் இல்லாத தொலைபேசி. அலமாரியின் மேல் சுருட்டி வைத்த வயரைப் பார்த்தபடியே அவர் ரிசீவரை எடுத்தார்.

"என்ன மேடம், இன்னுமா யோசிக்கிறீங்க? ரெண்டு செகண்டு வேலை."

அவருடைய சொந்தக் குரல். ஆணவமும் அலட்சியமும் கலந்து, வாயில் எதையோ மென்றுகொண்டே பேசுகிற குரல். தன் குரல் இவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

"கோச்சுக்காதீங்க தம்பி." இது ஃபைலக்கா. ரொம்பப் பக்கத்திலிருந்து. "தெரிஞ்ச குரலா இருந்தாலும் எழுதிக் கேக்கணும்னு கிளாஸ்ல சொன்னாங்க. ஒரு நிமிஷம் இருங்க."

கீபோர்டில் ஒரு விசை கீழே இறங்கியது.

பிறகு இன்னொன்று. தூசியில் ஒவ்வொரு விரல்நுனியாகக் கரிய பள்ளம் விழுந்தது. நிதானமாக. தட்டச்சு தாமதமாகக் கற்றுக்கொண்டவர்களின் நிதானம். நடுவில் ஒருமுறை நின்று, யோசித்து, ஒரு எழுத்தை அழித்து, மறுபடி அடித்தது.

தைல வாடை கனத்தது.

அவருடைய சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்தது. டிக்கெட். "சொல்லலாமா?"

அறை முழுக்க அந்தக் கேள்விக்கான பதிலுக்காகக் காத்திருந்தது. நாற்காலி காலியாகத்தான் இருந்தது. ஆனால் அதன் ரெக்சின் மெத்தை, ஆள் உட்கார்ந்தால் அமுங்குகிற அளவுக்கு அமுங்கியிருந்தது.

கட்டைவிரலால் அவர் அடித்தார்: "சொல்லாதீர்கள்."

ரிசீவரில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு. "வேண்டாங்கிறாங்க தம்பி. எழுதி வந்துடுச்சு."

ரிசீவருக்குள் பொறுப்பாளரின் அந்தப் பழைய குரல் சிரித்தது. அன்று வாய்க்குள் சிரித்த அதே சிரிப்பு, இப்போது வாய்விட்டு.

"அந்தப் பதில் எழுதறதும் நான்தானே மேடம். என்னை மீறி யாருகிட்டக் கேப்பீங்க?"



பிறகு ஃபைலக்கா, மிக மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, பாஸ்வேர்டைச் சொல்லத் தொடங்கினார்.

"சொல்லாதீங்க அக்கா," என்றார் பொறுப்பாளர். "அக்கா, சொல்லாதீங்க." அது அங்கே கேட்கவில்லை. கடைசி எழுத்து வரை அவர் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

ஸ்குரூடிரைவர் பெட்டி மேஜையிலேயே கிடந்தது. அவர் படியேறினார்.

பதிவாளர் கண்டிப்பான பெண்மணி. மேஜைக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் மருந்துக்கடைச் சீருடையோடு மகள். ஒரு மணி நேரம் அனுமதி வாங்கி வந்திருந்தாள். பொறுப்பாளர் உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். போன், டிக்கெட், அந்த ஒற்றைச் சொல், அழித்தது.

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

மகள்தான் கேட்டாள். "விசாரணையில எங்க அம்மா உங்களுக்கு எதிர்லதான் உட்கார்ந்திருந்தாங்களா?"

"ஆமாம்மா."

"உங்களைப் பார்த்தாங்களா?"

"பார்த்தாங்க."

"நீங்க?"

"நான் தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

அவள் தலையசைத்தாள். திட்டியிருந்தால் தேவலை. விலைப்பட்டியலில் ஒரு வரியைச் சரிபார்த்தவளைப்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பொறுப்பாளருக்குக் காது வரை சுட்டது.

"அந்த டிக்கெட்டை இங்கேயே, எங்க முன்னாடி முறையா மூடுங்க," என்றார் பதிவாளர். அவருடைய கணினியிலேயே பொறுப்பாளர் அதைத் திறந்தார். சற்றுமுன் அனுப்பிய "சொல்லாதீர்கள்" அதில் இல்லை. பழைய "சொல்லலாம்" இருந்தது. அதன் கீழே எழுதினார்: "பாஸ்வேர்ட் கேட்டது நான். சொல்லலாம் என்று பதில் எழுதியதும் நான். இவர் பொய் சொல்லவில்லை." மூடினார்.

பதிவாளர் பணிக்கோப்பைப் பிரித்து, சிவப்பு மையால் அந்த இரண்டு சொற்களையும் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். மகள் அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

டிக்கெட்டை மூடினால், கேட்டவருக்கு மென்பொருள் தானாகவே ஒரு கேள்வி அனுப்பும். உங்கள் பிரச்சினை தீர்ந்ததா? ஆம், இல்லை. கருத்து எழுத ஒரு கட்டம். பெரும்பாலும் யாரும் பதில் போடுவதில்லை.

திரையில் பதில் வந்தது.

இல்லை.

கருத்துக் கட்டத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. நடுவில் ஒருமுறை நின்று, ஒன்றை அழித்து, மறுபடி வந்தன. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள்தான் தாழ்ந்த குரலில் வாசித்தாள்.

"பாஸ்வேர்ட் கேட்டவர் இன்னும் லைனில்தான் இருக்கிறார். இப்போது வேறு ஒருவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்."